எலிக்குட்டியின் முதல் ஆடை

சின்னசேலத்திற்கு வடமேற்கே கல்வராயன் மலைத்தொடர் நீல வரம்பு கட்டினாற்போல் நீண்டு கிடக்கின்றது. அம்மலையில் பெய்யும் மழையின் ஒரு பகுதி கோமுகி ஆறாக இறங்கிக் கச்சிராயபாளையத்தின் அருகே அணையில் தேங்குகின்றது. ஆற்று நீரும் ஏரி நீரும் கிணற்று நீரும் வாய்த்த இடங்களில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. புன்செய்களில் மக்காச்சோளமும் பருத்தியும் மரவள்ளியும் விளைகின்றன. தைத் திங்களில் சம்பா அறுவடை முடிந்துவிடும். வயலில் அரிதாள் மட்டும் நிற்கும். விடியற்காலையில் அதன் நுனிதோறும் பனித்துளி தொங்கும்.

அடுத்த பயிருக்கு நிலத்தைத் திருத்தும் உழவர் முதலில் வரப்பின் அண்டையை வெட்டிக் கழிப்பர். வரப்பு அகன்றிருந்தால் புல் மண்டும். புல் மண்டினால் எலி வளை தோண்டும். வளை பெருகினால் பாய்ச்சிய நீர் நிற்காது, விளைந்த நெல்லும் முழுமையாக வீடு வந்து சேராது. ஆதலால் வரப்பைச் செதுக்கி ஒடுக்குவது அலங்காரத்திற்கான வேலை அன்று. குடும்பத்தின் சோற்றைக் காக்கும் வேலையாகும்.

பொங்கல் விடுமுறையில் ஒரு நாள் காலை, உழவர் ஒருவர் தம் வயலில் அண்டை வெட்டிக்கொண்டிருந்தார். பள்ளியில் படிக்கும் அவர் மகள் வெட்டிய புல்லை அள்ளிக் கூடையில் இட்டுக்கொண்டிருந்தாள். மண்வெட்டி ஓரிடத்தில் ஆழ இறங்கியது. மண்கட்டி பெயர்ந்து விழுந்தது. உள்ளிருந்து பழுப்பு நிறமான ஒன்று அம்புபோற் பாய்ந்து அரிதாளுக்குள் மறைந்தது. மண்கட்டி பெயர்ந்த இடத்தில் ஒரு கைப்பிடி அளவு உலர்ந்த புல் பந்துபோற் சுருண்டிருந்தது. அதன் நடுவே ஆறு எலிக்குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

சிறுமி குனிந்து நோக்கினாள். குட்டிகளின் வயிறு இளஞ்சிவப்பாக இருந்தது. முதுகில் மட்டும் புகை படிந்தாற்போன்ற ஒரு கருமை. அக்கருமையின்மேல், வெயில் சாய்ந்து விழும்போது மட்டும் தெரியும் மெல்லிய பூம்பொடி போன்ற ஒரு மினுமினுப்பு. கண்கள் மூடியிருந்தன. மூடிய இமையின் கீழ்க் கண்ணின் கருமை நிழலாகத் தெரிந்தது. 

அவள் கை நீட்டினாள். தந்தை தடுத்தார். “கையால் தொடாதே, பாப்பா. எலியின் சிறுநீர் பட்டால் எலிக்காய்ச்சல் வரும்.” 

கையை மடக்கிக்கொண்ட அவள், “அப்பா, இவற்றிற்கு முடியே இல்லையே! இந்தப் பனியில் குளிராதா?” என்றாள்.

தந்தை மண்வெட்டியை ஊன்றி நின்று பார்த்தார். “முடி வரத் தொடங்கிவிட்டது. பிறந்து ஐந்தாறு நாள் இருக்கும்” என்றார். பிறந்த நாளை அவர் கண்டவர் அல்லர். எலிக்குட்டியின் முதுகைக் கண்டே அதன் வயதைச் சொன்னார். ஆண்டுதோறும் வரப்பு வெட்டிப் பழகியவருக்கு இஃது அரிய செயலன்று. எலிக்குட்டியின் உடம்பில் வளரும் மயிர், அறிந்தவர் படிக்கத்தக்க நாட்காட்டியாகும்.

எலியின் இளமைக்குத் தமிழில் என்ன பெயர் என்பதைத் தொல்காப்பியரே சொல்லியிருக்கின்றார். கீரி, காட்டுப்பூனை, எலி, அணில் ஆகிய நான்கின் இளமைக்கும் ‘குட்டி’ என்னும் பெயர் உரியது என்பது மரபியலிற் கண்ட செய்தி. இன்று பேச்சுவழக்கில் எலிக்குஞ்சு என்பாரும் உளர். இரண்டும் வழங்கட்டும், பழைய மரபு குட்டியே.

அன்று வரப்பிற் கண்ட எலி வயற்சுண்டெலி. வளர்ந்த பின்னும் பத்துக் கிராம் அளவே எடையுள்ள சிற்றுயிர் அது. மேற்புறம் பழுப்பு, கீழ்ப்புறம் வெண்மை. வரப்பில் விரல் நுழையும் அளவு துளையிட்டு, உள்ளே உலர்ந்த புல்லால் மெத்தை அமைத்து அதிற் குட்டி ஈனும். இதற்கு நெருங்கிய உறவினமான வீட்டுச் சுண்டெலியின் வளர்ச்சியை ஆய்வுக்கூடங்களில் நாள்தோறும் நோக்கிக் குறித்திருக்கின்றனர். வளர்ச்சியின் முறை இரண்டிற்கும் ஒத்ததே. நாட்கணக்கில் சிறிது முன்பின் ஆகலாம்.

சுண்டெலி தாயின் வயிற்றில் இருப்பது ஏறத்தாழ இருபது நாள். பிறக்கும்போது அதன் எடை ஒரு கிராமுக்குச் சற்று மிகுதி. இரண்டு மூன்று நிலக்கடலைப் பருப்பின் எடை எனலாம். உடம்பு செக்கச் செவேலென்றிருக்கும். தோல் மெல்லிய கண்ணாடித் தாள்போல் ஒளி ஊடுருவ இருத்தலால், குட்டி பால் குடித்ததும் அதன் இடப்பக்க வயிற்றில் வெள்ளைப் புள்ளி ஒன்று வெளியிலிருந்தே தெரியும். இரைப்பையில் நிறைந்த பால்தான் அது. கண் மூடியிருக்கும். காது மடல் தலையோடு ஒட்டிக் கிடக்கும். உடம்பில் மயிர் இல்லை. ஆனால் முகத்தில் மட்டும் மீசை மயிர் குறுகலாக முளைத்திருக்கும். கண்ணும் காதும் வாராத முன்பே மீசை வந்துவிடுவது ஒரு வியப்பு. வாழ்நாள் முழுவதும் இருளில் தடவி நடக்கப்போகும் உயிருக்கு முதலில் வேண்டியது தொடுவுணர்வே அன்றோ?

இரண்டு மூன்று நாட்களில் சிவப்பு வெளிறி இளஞ்சிவப்பாகும், தோல் தடிக்கும். பிடரியிலும் தோளிலும் கருமை படரத் தொடங்கும். இக்கருமை தோலின் அழுக்கன்று. தோலுக்குள் வளர்ந்துகொண்டிருக்கும் மயிரின் நிறம் வெளியே நிழலாடுவது. மண்ணுக்குள் முளை விட்ட விதை மேலே வெடிப்புக் காட்டுவதுபோல, மயிர் வெளிவருமுன் தன் வரவை இவ்வாறு அறிவிக்கின்றது. மூன்றாம் நான்காம் நாளில் காது மடல் தலையைவிட்டு விரியும். ஐந்தாறு நாளில் முதுகில் பூம்பொடி போன்ற மென்மயிர் தோன்றும். சின்னசேலத்து வயலில் அச்சிறுமி கண்டது இந்த நிலைதான்.

ஒரு வாரமானால் முதுகு வெல்வெட்டுத் துணிபோல் ஆகிவிடும். வயிற்றில் மயிர் பிந்தி வரும். பெண் குட்டியின் வயிற்றில் முலைக்காம்புப் புள்ளிகள் எட்டு ஒன்பதாம் நாளில் தெளிவாகத் தெரியும். ஓரிரு நாளில் மயிர் மூடி அவற்றை மறைத்துவிடும். ஆணையும் பெண்ணையும் எளிதாகப் பிரித்தறிய விரும்பும் ஆய்வாளர்க்கு அந்தச் சில நாட்களே நல்ல வாய்ப்பு. பத்தாம் நாளை ஒட்டி முன்பற்கள் வெளிவரும். பன்னிரண்டிலிருந்து பதினான்காம் நாளுக்குள் கண் திறக்கும். அப்போது உடம்பு முழுவதும் மயிர் போர்த்திருக்கும். இரண்டு வாரத்திற்கு முன் புழுவைப்போல் நெளிந்தது, இன்று தாயின் சிறு வடிவமாய் மீசையை அசைத்து நிற்கும்.

இந்த ஆடை பிறந்த பிறகு நெய்யப்படுவதுபோல் நமக்குத் தோன்றினாலும், இதற்குரிய பாவு தாயின் வயிற்றிலேயே ஓட்டப்பட்டுவிடுகின்றது. மயிர் முளைக்கும் குழிக்கு மயிர்க்கால் என்பது பெயர். கரு உருவான பதினான்காம் நாள் அளவில் முதல் தொகுதி மயிர்க்கால்கள் அமைகின்றன. அவற்றிடையே சில நாள் கழித்து இரண்டாம் தொகுதியும், பிறப்பை ஒட்டி மூன்றாம் தொகுதியும் அமைகின்றன. அதன்பின் அத்தோலில் புதிய மயிர்க்கால்கள் ஏறக்குறைய முளைப்பதில்லை. வாழ்நாளில் எத்தனை முறை மயிர் உதிர்ந்தாலும், பழைய குழியிலிருந்தே புதிய மயிர் எழும்.

சுண்டெலியின் மயிரெல்லாம் ஒரே தன்மையன அல்ல. டிரை என்னும் ஆய்வாளர் 1926-ஆம் ஆண்டிலேயே அவற்றை வகைப்படுத்தி விரிவாக எழுதினார். நீண்டு நேராக நிற்பவை காவல் மயிர்கள். எண்ணிக்கையில் இவை மிகச் சில. அவற்றினும் குறுகிய, ஊசிபோன்று நேரானவை ஒரு வகை. ஓரிடத்தில் மட்டும் வளைந்தவை மற்றொரு வகை. எஞ்சியவை பல இடங்களில் மடிந்து மடிந்து செல்லும் மென்மயிர்கள். பத்தில் ஏழு பங்கு இவைதாம். காவல் மயிர் மழையையும் தூசியையும் தடுக்க, மடிந்த மயிர் தன் மடிப்புகளிடையே காற்றைச் சிறைப்படுத்தி வைக்கின்றது. உடம்பின் வெப்பத்தை வெளியே விடாமற் காப்பது அக்காற்றே. கம்பளிப் போர்வை நம்மைக் காப்பதும் இம்முறையிலேயே.

எலியின் மயிரைப் போர்வையாக்கலாம் என்னும் எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியில் செந்நிற எலியின் மயிரால் நெய்த கம்பலம் பேசப்படுகின்றது. அக்காப்பியம் கூறும் எலி பூனையினும் பெரியது. நம் வயற்சுண்டெலியைக் கொண்டு போர்வை நெய்யப் புகுந்தால் எத்தனை தலைமுறை வேண்டுமோ!

மயிரில் மற்றுமொரு நுட்பம் உண்டு. சுண்டெலியின் முதுகிலிருந்து ஒரு மயிரை எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் அது முழுவதும் ஒரே நிறமாய் இராது. நுனி கருமை, அதன் கீழ் மஞ்சள் பட்டை, அதன் கீழ் மீண்டும் கருமை. மயிர் அடியிலிருந்து வளர்வது. ஆதலால் நுனியே முதலில் தோன்றியது. குட்டி பிறந்து முதற் சில நாள் மயிர்க்கால் கருஞ்சாயத்தைத் தருகின்றது. நான்காம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரையில் சாயத்தை மாற்றி மஞ்சளைத் தருகின்றது. பின்னர் மீண்டும் கருமைக்குத் திரும்பிவிடுகின்றது. எலியைத் தொலைவிலிருந்து காண்போர்க்கு இரு நிறமும் கலந்து மண்ணின் பழுப்பாகத் தோன்றும். பருந்தும் ஆந்தையும் எளிதில் அடையாளம் காணா. அன்று வரப்பிற் கிடந்த குட்டிகள் அந்த மஞ்சள் பட்டையை நெய்துகொண்டிருந்த நாட்கள் அவை.

இனி, சிறுமி கேட்ட கேள்விக்கு வருவோம். குளிராதா?

குளிரும், மிகவும் குளிரும். அடுப்பிலிருந்து இறக்கிய பானைக் கூழ் நெடுநேரம் சூடாக இருக்கின்றது. அதிலிருந்து கரண்டியால் மொண்ட கூழோ நொடிப்பொழுதில் ஆறிவிடுகின்றது. பொருள் சிறிதாகச் சிறிதாக அதன் அளவை நோக்க மேற்பரப்பு மிகும். மேற்பரப்பு மிக, வெப்பம் விரைந்து வெளியேறும். ஒரு கிராம் எடையுள்ள, மயிரற்ற, தோல் மெலிந்த உயிர் எத்தனை விரைவில் ஆறும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. தோளெலும்புகளுக்கு இடையே பழுப்புக் கொழுப்பு என்னும் ஒருவகைக் கொழுப்பு அதற்கு உண்டு. வெப்பம் தருவதற்கென்றே எரியும் விறகு அது. மனிதக் குழந்தைக்கும் பிறக்கும்போது அது உண்டு. ஆயினும் சுவரில்லா வீட்டில் அடுப்பு மூட்டினாற்போல, மயிரில்லா உடம்பில் அவ்வெப்பம் நிலைப்பதில்லை. தனியே வெளியில் விட்டால் முதல் வாரத்துக் குட்டியின் உடல் சுற்றுப்புறத்தின் குளிருக்கே இறங்கிவிடும்.

ஆகவே அது தனியே இருப்பதில்லை. ஆறும் ஒன்றாகக் குவிந்து ஓருடம்பாகின்றன. பேரெலிக் குட்டிகளைக் கொண்டு இதனை ஆராய்ந்த ஆல்பர்ட்ஸ் என்பவர் 1978-இல் ஓர் அரிய செய்தியை வெளியிட்டார். குளிர் மிகும்போது குவியல் இறுகிச் சுருங்குகின்றது. வெப்பம் மிகும்போது தளர்ந்து விரிகின்றது. வெளியில் இருக்கும் குட்டி உள்ளே புகுவதும் உள்ளே இருந்தது மேலே வருவதுமாக இடம் மாறிக்கொண்டேயிருக்கின்றன. எப்பொழுதும் ஒரே குட்டி ஓரத்தில் கிடப்பதில்லை. கண் திறவாத உயிர்கள் இத்தகைய ஒழுங்கை எவ்வாறு கடைப்பிடிக்கின்றன என்று வியக்க வேண்டா. ஒவ்வொன்றும் தன் சூட்டையே தேடுகின்றது, அதனால் எல்லாவற்றுக்கும் சூடு கிடைக்கின்றது.

கூட்டைவிட்டு ஒரு குட்டி உருண்டுவிட்டால்? அது கூவுகின்றது. அக்கூவல் நம் செவிக்கு எட்டாது. நொடிக்கு இருபதாயிரம் அதிர்வுக்கு மேற்பட்ட ஒலியை மனிதர் கேட்க இயலாது. குட்டியின் குரல் அதனினும் இரு மடங்கு, மும்மடங்கு உயர்ந்தது. சிப்பேலியசு, சிலைட் என்னும் இரு ஆய்வாளர் 1956-இல் கருவியின் துணைகொண்டு இதனைக் கண்டறிந்தனர். அதுவரையில் எலிக்குட்டி வாய் திறப்பதைக் கண்டவர்கள் அது கொட்டாவி விடுவதாக எண்ணியிருக்கக்கூடும்! தாயின் செவிக்கு அது நன்றாகக் கேட்கும். ஓடிவந்து குட்டியை வாயாற் கௌவிக் கூட்டிற் சேர்க்கும். முதல் வாரத்தில் மிகுதியாக எழும் இக்கூவல், மயிர் நிறைந்து கண் திறக்கும் இரண்டாம் வார முடிவில் ஏறக்குறைய அடங்கிவிடுகின்றது. ஆடை வந்தபின் அழுகை எதற்கு?

குட்டிக்கு வெப்பம் போதவில்லை. தாய்க்கோ வெப்பம் மிகுந்துவிடுகின்றது. பால் சுரக்கும் தாயெலி வழக்கத்தினும் பன்மடங்கு தின்று, பன்மடங்கு உழைக்கின்றது. அவ்வுழைப்பால் எழும் சூட்டை அதன் அடர்ந்த மயிர் வெளியே விடுவதில்லை. ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரத்து ஆய்வாளர் இதனைச் சோதிக்க விரும்பிப் பாலூட்டும் சுண்டெலிகளின் மயிரை மழித்துவிட்டனர். மழிக்கப்பட்ட தாய்கள் மிகுதியாகத் தின்றன. மிகுதியாகப் பால் சுரந்தன. அவற்றின் குட்டிகள் மற்றக் குட்டிகளினும் எடை கூடி வளர்ந்தன. இவ்வாய்வு 2007-இல் வெளிவந்தது. பிள்ளைக்கு இல்லாத குறையால் பிள்ளை துன்புற, தாய்க்கு உள்ள மிகுதியால் தாய் துன்புறுகின்றது. இரண்டும் ஒட்டிக் கிடக்கும்போது இரண்டின் துன்பமும் குறைகின்றது. இடையே மயிர் இல்லாமையால் தாயின் சூடு குட்டியின் தோலில் தடையின்றிப் பாய்கின்றது. அந்த நாட்களில் தாயின் மயிரே இருவருக்கும் போர்வை.

தாய் போர்வை மட்டும் அன்று, கடிகாரமும் ஆகும். இதனைக் கண்டவர் நம் நாட்டார். கண்ட இடம் மதுரை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன், என். விசுவநாதன் ஆகியோர் இதே வயற்சுண்டெலியை வளர்த்து ஆராய்ந்தனர். எல்லா உயிர்க்கும் உடம்பினுள் நாட்கணக்கை உணர்த்தும் ஓர் ஒழுங்கு உண்டு. பகலும் இரவும் மாறி மாறி வருவதைக் கொண்டு அவ்வொழுங்கு தன்னைத் திருத்திக்கொள்ளும். இருண்ட வளையில் கிடக்கும் குட்டிக்குப் பகலேது, இரவேது? பகலும் இரவும் வேறுபடாத ஒரே நிலையில் குட்டிகளை வைத்து, தாயைப் பன்னிரண்டு மணி நேரம் உடன் இருக்கவிட்டனர். பன்னிரண்டு மணி நேரம் பிரித்துவைத்தனர். குட்டிகளின் உள்ளொழுங்கு தாயின் வரவையும் பிரிவையும் பின்பற்றி அமைந்தது. தாய் உடனிருக்கும் நேரத்தைப் பகலென்றும், பிரிந்திருக்கும் நேரத்தை இரவென்றும் அவை கொண்டன. இச்செய்தி 1985-இல் ‘நேச்சர்’ என்னும் உலகப் புகழ்பெற்ற அறிவியல் இதழில் வெளிவந்தது. வயற்சுண்டெலி இரவில் இரை தேடிப் பகலில் வளையில் தங்குவது. ஆதலால் குட்டியின் கணக்கு பிழையன்று. தாயின் சூடு மேலே பட்டால் அதற்குப் பகல். சூடு நீங்கினால் இரவு. வரப்பில் மண்வெட்டி விழுந்த அந்தக் காலையில், ஆறு குட்டிகளுக்கும் நடுப்பகலில் இருட்டியிருக்கும்.

எல்லா விலங்கும் இவ்வாறு ஆடையின்றிப் பிறப்பதில்லை. கன்றும் ஆட்டுக்குட்டியும் மயிரோடு பிறந்து அன்றே நடக்கின்றன. நம் காட்டு முயலின் குட்டி மயிரும் திறந்த கண்ணும் உடையதாய்த் தரையின்மேலேயே பிறக்கின்றது. எலியினத்தை ஒத்த முட்சுண்டெலி என்பது மேற்காசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழ்கின்றது. அதன் குட்டியும் மயிரோடே பிறக்கும். ஆனால் அதன் தாய் நாற்பது நாள் அளவு சுமக்கின்றது. சுண்டெலியோ இருபது நாளிற் சுமையை இறக்கி வைத்துவிடுகின்றது. ஆந்தையும் பாம்பும் கீரியும் துரத்தும் சிற்றுயிர் கனத்த வயிற்றோடு நெடுநாள் ஓட இயலாது. எஞ்சிய இருபது நாள் வளர்ச்சியை மண்ணுக்குள் புல் மெத்தையில் நடத்திக்கொள்வது அதற்கு இலாபம். நம் வீட்டு முற்றத்து அணிலும் இவ்வழியையே கொண்டுள்ளது. மனிதக் குழந்தையின் கதை மேலும் விந்தையானது. தாயின் வயிற்றில் அதன் உடம்பெல்லாம் மென்மயிர் முளைத்து, பிறக்குமுன்பே பெரும்பாலும் உதிர்ந்துவிடுகின்றது!

உழவர் இவற்றையெல்லாம் எண்ணி நின்றவரல்லர். அவர் எண்ணியது வேறு கணக்கு. குட்டிகளுக்கு இன்னும் ஒரு வாரத்திற் கண் திறக்கும். அதற்கு அடுத்த வாரம் பால் மறந்து தாமே தின்னத் தொடங்கும். ஒன்றரைத் திங்கள், இரண்டு திங்களிற் பெண் குட்டிகள் தாயாகும். இதற்கிடையில் இத்தாயே மீண்டும் ஈன்றிருக்கும். ஈன்ற மறுநாளே அடுத்த சூலுக்கு ஆயத்தமாகும் இயல்பு சுண்டெலிக்கு உண்டு. இப்பொழுது நடப்போகும் பயிர் பால் பிடிக்கும் காலத்தில் வரப்பெங்கும் இவற்றின் மக்களும் பேரரும் இருப்பர். ஒரு சுண்டெலி தின்னும் நெல் சிறிதுதான். ஆனால் எந்தச் சுண்டெலியும் தனியாக வருவதில்லை. விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடனை, எலி தின்றுவிட்டது என்று சொல்லித் தள்ளுபடி செய்ய முடியுமா?

இவ்வளவும் எண்ணியவர், மகளின் முகத்தையும் பார்த்தார். பிறகு மண்வெட்டியின் நுனியால் கூட்டை மண்ணோடு பெயர்த்து, வெட்டாத வரப்பின் அடியில் நிழலாக ஓரிடத்தில் வைத்தார். “தாய் வந்து எடுத்துப் போனால் போகட்டும். வாராவிட்டால் காகம் எடுத்துப் போகும்” என்றார். இருவரும் வயலின் மறுகோடிக்குச் சென்றனர்.

வேப்பமரத்தடியில் கஞ்சி குடிக்கும்போது சிறுமியின் கண் அவ்வரப்பின்மேலேயே இருந்தது. சற்றுப் பொழுதில் அரிதாள் அசைந்தது. தாய் வந்தது. ஒன்றைக் கௌவியது, ஓடி மறைந்தது, மீண்டது. அவள் விரல்விட்டு எண்ணினாள். ஐந்து முறை வந்து போயிற்று. பிறகு வரவில்லை.

அவள் எழுந்து சென்று பார்த்தாள். புல்லுக்குள் ஒன்றும் இல்லை. ஆறாவது குட்டி மண்ணைப் பெயர்த்தபோதே உருண்டு, வாய்க்கால் ஓரத்து ஈர மண்ணில் அசைவற்றுக் கிடந்தது. இளஞ்சிவப்பு வயிறு வெளிறியிருந்தது. அவள் தந்தையின் சொல்லை மறக்கவில்லை. ஆமணக்கு இலை ஒன்றைப் பறித்து அதன் கீழே செருகி எடுத்து, வெயிலிற் காய்ந்து சூடேறியிருந்த மண்கட்டியின்மேல் இலையோடு வைத்தாள். பின்னர்த் தள்ளிப்போய் உட்கார்ந்தாள்.

நெடுநேரம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு பின்னங்கால் ஒன்று துடித்தது. தலை மெல்ல இருபுறமும் ஆடியது. வாய் திறந்தது, மூடியது, மீண்டும் திறந்தது. ஒலி எதுவும் கேட்கவில்லை. “அப்பா, கொட்டாவி விடுகின்றது” என்று அவள் மெல்லச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அரிதாளினின்று தாய் பாய்ந்து வந்து, இலையின்மேல் ஏறி, குட்டியைக் கௌவிக்கொண்டு சென்றுவிட்டது.

தந்தை எழுந்து மண்வெட்டியை எடுத்தார். பொழுது சாய்வதற்குள் அந்த வரப்பு முழுவதும் இருபுறமும் செதுக்கி ஒடுக்கப்பட்டது. 

மறுநாட் காலையில் எதிர்வரப்பின் அடியில் விரல் நுழையும் அளவு துளை ஒன்றும், அதன் வாயில் புதிதாகத் தள்ளிய ஈர மண்ணும் காணப்பட்டன. தந்தையும் கண்டார், மகளும் கண்டாள். அன்று மாலை அவர் பனைமட்டை ஒன்றைத் தோளிற் சுமந்து வந்தார். இரவில் ஆந்தை வந்து அமர்வதற்காக அவ்வூர் வயல்களில் நடுவது அது. துளைக்குச் சிறிது தொலைவில் குழி தோண்டி அதனைத் தலைகீழாக நிறுத்தினார். மகள் மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்து இறுக்கினாள்.